ஓம் மட்டும் தெரிந்த அக்கா

அந்த அக்கா வீட்டில் அரிசி தீர்ந்ததே கிடையாது. எல்லார் வீட்டையும் போல அங்கும் தீரத்தான் செய்யும். ஆனால் அவர் வாளியைத் திறந்து, அடியில் ஒட்டிக் கிடக்கும் நாலு மணியைப் பார்த்துவிட்டு, "அரிசி நிறைஞ்சு போச்சு பிள்ளை, ஒருக்காக் கடைக்குப் போகோணும்" என்பார். சீனி நிறைந்து போகும். தேயிலை நிறைந்து போகும். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு, ஆனால் அரிசிக்கும் உப்புக்கும்தான். பெட்ரோலுக்கும் உண்டு என்பது அவருடைய காரை ஒரு நாள் இரவல் வாங்கியபோதுதான் தெரிந்தது. சாவியைத் தந்து, "பெட்ரோல் நிறைஞ்சு போச்சு, பாத்து ஓடுங்கோ" என்றார். பெட்ரோல் முள் வேலை செய்யாத பழைய வண்டி. நானும் டேங்க் நிரம்பியிருக்கிறது என்று நம்பி நாங்கள் இருந்த ஏவன்டேலிலிருந்து, நகரின் இன்னொரு கோடியில் விரி என்ற இடத்தில் இருந்த என் வேலைக்குக் கிளம்பினேன். பாதி வழியில், மோட்டார்வேயில், வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. லாரிகள் உரசாத குறையாகப் போய்க்கொண்டிருக்க, ஓரத்தில் நின்று போனில் கத்தினேன். அவர் பதறவே இல்லை. "ஓம் பிள்ளை, நான் சொன்னனான் தானே" என்றார்.

அவர் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. சொன்னால் அது வந்து வீட்டில் குந்திக்கொள்ளும் என்பார். அதற்குப் பதிலாக ஓம் வரும்; எங்கள் 'ஆமா'தான் அவர்கள் தமிழில் ஓம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரைக்காரர் வாடிய கட்டை நீட்டி, எடுத்துக்கொள்கிறீர்களா என்றால் ஓம். அவர் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் இன்னொரு ஷிப்ட் நிற்க முடியுமா என்றால் ஓம். அதுவும் வாயைத் திறந்து சொல்கிற ஓம் அல்ல. உதடு பிரிந்தும் பிரியாமலும், பாதி மூக்கிலிருந்தும் பாதி தொண்டையிலிருந்தும் வரும். பக்கத்தில் நிற்பவருக்கே சில சமயம் முனகல் மாதிரிக் கேட்கும். அந்த ஓம் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னை அவர் பிடித்ததும் அதே சந்தையில்தான். நான் தமிழ்நாட்டிலிருந்து கணவரின் வேலை விசாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள். முருங்கைக்காய் கிடைக்குமா என்று போனில் யாரிடமோ தமிழில் புலம்பிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "பிள்ளை இந்தியாவோ?" என்றது. குட்டையான உருவம், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ரெயின்கோட், கையில் இரண்டு பை. ஆமா என்றேன். "அப்ப இங்கிலீஷ் எழுதுவீங்கள்" என்றார். அது கேள்விகூட இல்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுச் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். எப்படி ஒத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். ஏவன்டேலில் ஒரு சிறிய மண்டபத்தில், புதன்கிழமை தோறும், இருபது பேருக்கும் குறைவான வயதானவர்களை அவர் கூட்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அக்காவின் ஊர்ப் பக்கத்தில் யுத்தம் முடிந்தபின் பிள்ளைகள் கூப்பிட்டு வந்தவர்கள். சோறு, ஒரு கறி, கொஞ்சம் கேரம், நிறையப் பேச்சு, அவ்வளவுதான். இதற்கு ஆரம்பம் ஒரு ரயில். ரானுயியில் மகளோடு இருந்த ஓர் அம்மா கோயிலுக்குப் புறப்பட்டு, எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டார். அடுத்த நிறுத்தத்தோடு பாதை முடிந்துவிட்டது. இறங்கி, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், பிளாட்பாரத்துப் பெஞ்சில் பிற்பகல் வரை உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து மகள் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் கேட்டது, "நான் வேற நாட்டுக்கு வந்திட்டனோ?" என்பது. அதைக் கேள்விப்பட்ட அன்றே அக்கா ஒரு வேனைப் பிடித்தார்.

வேனை அவர் 'வான்' என்பார். முதல் நாள் "புதன்கிழமை வான் வரும் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றபோது, வானம் எப்படி வரும் என்று நான் முழித்தேன். பிறகு பழகிவிட்டது. அந்த வயதானவர்களுக்கும் அது கிட்டத்தட்ட வானம்தான். புதன் காலை ஒன்பது மணிக்கே சட்டை மாற்றி, ஜன்னல் திரையை விலக்கி, பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேன் வாடகையை முதலில் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொண்டது. செப்டம்பரோடு அது முடியப் போகிறது என்று கடிதம் வந்தபிறகுதான் அரசாங்கத்துச் சமூக நிதிக்கு எழுதலாம் என்று அக்காவுக்கு யாரோ சொன்னார்கள். வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குவார்கள். எங்களுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் வேன் நிற்கும். வேன் நின்றால் புதன்கிழமை நிற்கும்.

அரசாங்கம் தரமாட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. வாருங்கள், உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது என்று அழகான படங்களோடு இணையத்தில் அழைத்தது. போகிற வழியில்தான் கதவுகள். முதல் கதவுக்கு ஒரு குறியீட்டு எண் வேண்டும். அது அக்கா பெயரில் பதிந்திருந்த போனுக்கு வரும். அந்தப் போன் வெலிங்டனில் இருந்த மகனிடம் இருந்தது. அவன் பார்த்து அனுப்புவதற்குள் எண் காலாவதியாகிவிடும். இரண்டாவது கதவு பெயர். வங்கியில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், புதன்கிழமைக் கூட்டத்துக்காகப் பதிந்த சங்கத்தில் இரண்டும் தலைகீழாக. ஒரே மனுஷி மூன்று ஆட்களாக நின்றார். இவற்றை எல்லாம் எப்படித் தாண்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. சோற்றுப் பானையை விட்டுவிட்டுப் போக முடியுமா? போகவில்லை.

தனிமை குறைந்ததை எப்படி அளப்பீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தார்.

"வரேக்க வாயைத் திறக்காமல் வருவினம். போகேக்க டிரைவர் கத்துவார், சத்தம் போடாதேங்கோ எண்டு. அதை எழுதுங்கோ."

"அக்கா, அவங்களுக்கு நம்பர் வேணும்."

"அப்ப டிரைவரின்ர நம்பரைக் குடுங்கோ. அவர் சொல்லுவார்."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எரிச்சல்தான் வந்தது. வேலை முடிந்து வந்து, பசியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியையும் நிரப்பி, அது சிவப்பாக மாறித் திருப்பி அனுப்புவதைப் பார்ப்பவளுக்கு நகைச்சுவை எங்கே வரும்? அந்தப் படிவத்தில் திருமண நிலை என்று ஒரு வரியும் இருந்தது, பொறுப்பாளர்களுக்கு. 'திருமணமானவர்' என்பதைத் தட்டச் சொன்னார். அந்த வீட்டில் ஓர் ஆணின் செருப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

"வீட்டுக்காரர் எங்கே அக்கா, ஊர்லயா?"

"அவர் வரேக்க வருவார்" என்றார்.

யுத்தம் முடிந்த நாட்களிலிருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது என்பதைப் பின்னால் வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவருடைய 'நிறைஞ்சு போச்சு'வைக் கேட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் படிவம் அப்படிப்பட்டதல்ல. அதற்கு வேண்டியதெல்லாம் 'இல்லை'தான். உங்கள் சமூகத்தின் தேவை என்ன, என்ன குறை, உதவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று விதமாக அதையே கேட்டது. அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "எங்கட சனம் கடவுள் புண்ணியத்தில நல்லா இருக்கினம். பிள்ளையள் வடிவாப் பாக்கினம். வானும் கிடைச்சால் இன்னும் சந்தோஷம்." கையேந்துவது மாதிரி எழுதாதேங்கோ என்று இரண்டு தரம் எச்சரித்தார். எனக்கும் அலுப்பு. ஆங்கிலத்தில் அழகாக்கி அனுப்பிவிட்டேன். ஆறு வாரத்தில் பதில் வந்தது: விண்ணப்பம் சிறப்பாக எழுதப்பட்டிருந்தது, ஆனால் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. சிறப்பாக எழுதியதற்காக எனக்கு ஒரு பாராட்டு! அக்கா அதைக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களே, நல்லா எழுதியிருக்கிறீங்கள் எண்டு சொல்லினம்" என்றார்.

அந்தப் புதன் மண்டபத்தில் ஒருவர் மட்டும் விஷயத்தை விசாரித்தார். அவரை எல்லாரும் போஸ்ட் மாஸ்டர் ஐயா என்போம். ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், ரானுயியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன்மார் கனடாவில். மண்டபத்துக்குள் வந்ததும் அறிவிப்புப் பலகைக்கு நேரே போவார். தீப்பிடித்தால் எந்தக் கதவால் ஓட வேண்டும் என்பதிலிருந்து யோகா வகுப்பு விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். வாசித்துவிட்டு, பேனாவை எடுத்து எழுத்துப் பிழைகளைத் திருத்துவார். மண்டபக்காரர்கள் அவரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்கள். "வான் நிக்குமோ?" என்று அக்காவிடம் கேட்டார். வரும், ஓம், வரும் என்றார் அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பலகையைப் பார்க்கப் போய்விட்டார். கிடைக்காவிட்டால் இவரிடம் யார் போய்ச் சொல்வது? அக்கா சொல்லமாட்டார். அந்தச் சொல்லே அவரிடம் கிடையாதே.

இரண்டாம் முறை நான் பிடிவாதம் பிடித்தேன். உண்மையை எழுதினேன். அக்காவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். படிவம் உள்ளே போனது, பெயர்க் குழப்பம்கூடத் தீர்ந்தது. இனி ஒரே ஒரு தொலைபேசி உரையாடல்தான் பாக்கி என்று மின்னஞ்சல் வந்தது. எப்போது அழைப்பார்கள் என்று போடவில்லை. என் நம்பரைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், பொறுப்பாளரோடுதான் பேச வேண்டும். அந்த இரண்டு வாரமும் விரியில் என் மேசையில் உட்கார்ந்து, யாருடைய போன் மணி அடித்தாலும் திடுக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

அழைத்தார்கள். புதன்கிழமை, சோறு வடிக்கிற நேரம்.

"என்ன கேட்டாங்க அக்கா?"

"கனக்கக் கேட்டவை பிள்ளை. நல்ல மரியாதையான பொம்பிளை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னனான்."

எல்லாம் சரியாகப் போயிருக்கிறது என்று நானும் மூச்சு விட்டேன். ஆகஸ்ட் கடைசியில் மறுப்பு வந்தது. இந்த முறை நான் விடவில்லை. ஏன் என்று கேட்டு எழுதினேன். தொலைபேசியில் எடுத்த குறிப்பை அனுப்பினார்கள். விரியில் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவில் தயிர்ச்சாதம் சுற்றுகிறதா புளிசாதமா என்று மறந்து, அதை வாசித்தேன். 'நிர்வாகக் குழு இருக்கிறதா என்று கேட்டபோது விண்ணப்பதாரர் "உம்" என்று தயங்கினார். வாரம்தோறும் நடக்கிறதா என்றபோதும் "உம்". ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் "உம்" என்றே இழுத்தார். நிகழ்ச்சியைப் பற்றி அவருக்கே தெளிவில்லை எனத் தோன்றுகிறது.'

முதலில் எனக்குப் புரியவில்லை. யார் இந்த உம்? பிறகு அவருடைய குரலில் அதைச் சொல்லிப் பார்த்தேன். பாதி மூக்கில், பாதி தொண்டையில்.

சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன ஜோக் என்று கேட்டார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டேன். அந்த மனுஷி தன்னால் முடிந்த அளவு உறுதியாகச் சொன்ன ஒவ்வொரு ஓமும் ஆங்கிலக் காதுக்கு உம் என்ற தயக்கமாகப் பதிவாகியிருக்கிறது. கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'நிதி கிடைக்காவிட்டாலும் எப்படியாவது சமாளிப்போம் என்று விண்ணப்பதாரர் கூறினார்.' அதில் தவறு எதுவும் கிடையாது. அதை அவர் சொல்லித்தான் இருப்பார்.

மறுபரிசீலனைக்கு நேரில் வரலாம் என்று கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில் இருந்தது. நான் விடுப்பு எடுத்தேன். ஏவன்டேலில் ரயில் ஏறியதிலிருந்து அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். வேன் இன்னும் இரண்டு புதன்தான் வரும்.

"அக்கா, ஓம் வேண்டாம். யெஸ்னு சொல்லுங்க. சத்தமா."

"யெஸ்."

"கிடைக்கலைன்னா என்ன ஆகும்னு கேட்பாங்க. சமாளிப்போம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நின்னுடும்னு சொல்லணும்."

அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இல்லைன்னு சொல்லணும். உங்களால முடியுமா?"

"பாப்பம்" என்றார். அவர் 'பாப்பம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த அதிகாரி நல்ல பெண்மணி. தண்ணீர் வைத்தார், பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு தரம் முயன்றார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, குழு இருக்கிறதா, யெஸ், வாரம்தோறும் நடக்கிறதா, யெஸ் என்று பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "இந்த நிதி இல்லாவிட்டால், புதன்கிழமை என்ன ஆகும்?"

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். சமாளிப்போம் என்று சொல்லப் போகிறார், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தார்.

"இல்லை" என்றார். "வான் இல்லையெண்டால் புதன்கிழமை இல்லை. ரெயில்ல வாசிச்சு ஏற அவையளுக்கு இங்கிலீஷ் இல்லை. அந்த அம்மாவைப் படியால இறக்க, பகல்ல வீட்டில ஒரு ஆள் இல்லை. இன்னொராளுக்கு மகன் காசு குடுப்பான், முகம் குடுக்க அவனுக்கு நேரம் இல்லை. போஸ்ட் மாஸ்டர் ஐயாவுக்கு எண்பத்திரண்டு வயசு இருக்கும். வியாழனில இருந்து செவ்வாய் வரைக்கும் அவருக்குக் கதைக்க ஆரும் இல்லை."

நிறுத்தவே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். நான் பின்னாலேயே ஓடி ஓடி மொழிபெயர்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரைகுறையாக, நோ, நோ, நோ என்று. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அக்கா கைப்பையைத் திறந்து மூடினார், எதையும் எடுக்காமல்.

ரயிலில் திரும்பினோம். அக்கா நியூ நார்த் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இண்டைக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன் பிள்ளை" என்றார். "எல்லாற்ற பேரையும் சொல்லிச் சொல்லிப்போட்டன்." ஒன்றும் ஆகாது அக்கா என்றேன். ஓம் என்றார். அது எனக்கே தயக்கமாகத்தான் கேட்டது.

கிடைத்தது. ஒரு வருடத்துக்கு, வேனுக்கு மட்டும். கடைசி வேன் வந்துபோன மறுநாள் கடிதம் வந்தது. வேன் திரும்ப வந்த புதன் மண்டபத்தில் எல்லாரும் கை தட்டினார்கள், டிரைவர் விசிலடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலை, என் வெற்றி. கடிதத்தைப் பிரதி எடுத்து, அறிவிப்புப் பலகையில், கண்ணுக்கு நேரே, நாலு மூலைக்கும் ஊசி குத்தி மாட்டினேன். கடிதத்தில் இரண்டாவது பத்தியை நான் ஒழுங்காக வாசிக்கவில்லை. அங்கே யார் ஆங்கிலம் வாசிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. பலகையின் முன்னால் புதன்தோறும் நிற்பவரை எப்படி மறந்தேன்?

அடுத்த புதன் போஸ்ட் மாஸ்டர் ஐயா வரவில்லை. அதற்கு அடுத்த புதனும் வரவில்லை. வேன் வீட்டு முன் நின்றது, ஹாரன் அடித்தது, திரை கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான் என்றார் டிரைவர். சுகமில்லையோ என்று அக்கா துடித்தார். போன் எடுத்தால் எடுக்கிறார், நல்லாயிருக்கிறன் என்கிறார், வைக்கிறார். நான் பலகைக்குப் போய்க் கடிதத்தை வாசித்தேன். இரண்டாவது பத்தி: 'ரானுயியில் வசிக்கும், யாருமே இல்லாத எண்பத்திரண்டு வயது முதியவரின் நிலை எங்களைக் குறிப்பாக நெகிழவைத்தது.'

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. கதைக்க ஆரும் இல்லை என்றார். என் ஓட்டத்தில் நான் அந்தக் 'கதைக்க'வை, பேச என்பதை, விட்டுவிட்டேன். ஒரு சொல். இரண்டு மகன்களைப் பெற்று, நாற்பது வருடம் ஓர் ஊருக்கே கடிதம் கொடுத்த மனுஷனை, யாருமே இல்லாதவர் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் கடிதத்தைக் கழற்றி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்தார். "அடுத்த புதன் லீவு எடுங்கோ" என்றார்.

வேனில் இருவரும் போனோம். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, அக்கா கதவைத் தட்டினார். நான் அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே நின்றேன். கதவு திறந்தது. தேய்த்த சட்டை போட்டிருந்தார் ஐயா, சட்டைப்பையில் பேனா. வருவதற்கு ஆயத்தமாகி, பிறகு வராமல் இருந்திருக்கிறார், ஒவ்வொரு புதனும்.

"அந்தக் கடிதம் வாசிச்சனான்" என்றார். "எனக்கு ஆரும் இல்லை எண்டு அவையளுக்குச் சொன்னது நீங்களோ?"

அக்கா சொல்ல வேண்டியது ஒரே சொல். இல்லை ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை, பிழையாக மொழிபெயர்த்தது இவள். அது உண்மையும்கூட. நான் வாயைத் திறக்கப் போனேன். திறந்தேனா? இல்லை.

"ஓம்" என்றார் அக்கா.

மூக்கில் வந்த ஓம் அல்ல அது. முழு வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஓம்.

ஐயா வேனுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

வேனில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அக்கா? நீங்க அப்படிச் சொல்லலையே. என் தப்புன்னு சொல்லியிருக்கலாமே."

"என்னோட கோவிச்சால் பரவாயில்லைப் பிள்ளை" என்றார் மெதுவாக. "உங்களோட கோவிச்சால், அடுத்த வருஷம் அவருக்கு ஆர் எழுதித் தாறது?" பிறகு டிரைவரிடம், "அடுத்த புதனும் இதில நிப்பாட்டுங்கோ" என்றார்.

நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மூன்றாவது புதன், வேன் நிற்கும் முன்பே ஐயா வாசல் கேட்டில் நின்றாராம். ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தாராம். வேலைக்கு மட்டம் போட்டு நான் மண்டபத்தில் காத்திருந்தேன். உள்ளே வந்தவர் வழக்கம்போலப் பலகைக்குப் போனார். கடிதம் இருந்த இடத்தில் நாலு ஊசி மட்டும் இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடிதம் எங்கை?"

"எடுத்துட்டோம் ஐயா."

"அதில ஒரு பிழை இருந்தது" என்றார்.

"தெரியும் ஐயா. அது என்னோட—"

"எனக்கு எண்பத்தொண்டு. எண்பத்திரண்டு எண்டு போட்டிருக்கினம்."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா சமையலறை வாசலில் அகப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐயாவின் தட்டு மேசையில் இருந்தது. அவர் வராத ஐந்து புதனும் அக்கா அதை வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் அக்கா பிரிஸ்பேனுக்கு மகளிடம் போய்விட்டார். போன் எடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நிறைஞ்சு போய் இருக்கிறன் பிள்ளை" என்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் வைத்துவிட்டு, மனது கேட்காமல் மறுபடியும் எடுக்கிறேன்.

படிவம் மறுபடியும் வந்தது, அதே கேள்விகளோடு. நான் தனியே உட்கார்ந்து நிரப்பினேன். ஐயாவின் வயதை எண்பத்திரண்டு என்று எழுதினேன். அதற்குள் அது சரியாகிவிட்டிருந்தது. பேச யாரும் இல்லை என்று, ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். அனுப்பும் முன் அந்தப் பக்கத்தை அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, இரண்டு தரம் வாசித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். பிறகு தாளை என்னிடம் நீட்டி, "ஓம்" என்றார்.